கழிவு

ஹட்டன் டயர் கடையில்
சக்கரத்திலிருந்து கழற்றிய ஈயக் கட்டைகளைப்
பால்மாப் பேணி நிறைய வாங்கி வருவேன்.
கடைக்காரர் நிஸ்தார் ஒருமுறை கேட்டார்:
“மீன் வலைக்கா? இங்கே ஏது கடல்?”
தாளில் ஓட்டை போட, என்றேன்.
அவர் மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணினார்.

கோழிக் கூட்டுக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவில்
என் அடுப்பு.
வீட்டுக்குள் கூடாதென்பது ஜெசிந்தாவின் சட்டம்.
முழங்கை வரை சவர்க்காரம், சட்டையும் மாற்றி,
அதற்குப் பிறகுதான் பிள்ளையைத் தூக்கலாம்.

ஈயம் இளகும்.
மேலே பாலாடை போலச் சாம்பல் படியும்.
வழித்தால் அடியில்
சவுக்கு மரமும் என் மூக்கும் தலைகீழாய்.
அச்சு, கண்டிப் பட்டறையில் பியசேன கடைந்தது.
முதல் தரம் ஒரு மயிரளவு பிழைத்தான்,
திருப்பிக் கொடுத்தேன், முறைத்தான், திருத்தினான்.
ஊற்றி, பொறுத்து, தட்டினால்
துணியில் விழும் ஒவ்வொன்றும்
கொழுந்தின் மொட்டளவு.

வடக்கில் இதற்குச் சன்னம் என்று பேர்.
சன்னமென்றால் நுணுக்கம் என்றும் பொருள்.
ஒரே சொல்லில் இரண்டும் இருப்பதை
நான் ரசித்துச் சொன்ன இரவில்
ஜெசிந்தா விளக்கை அணைத்தாள்.
அவள் ஊர் விசுவமடு.
தோளுக்குள் ஒன்று இன்னும் இருக்கிறது,
எடுத்தால் கை விழும் என்றார்களாம்.
அதன் நிறை என்னவென்று
நான் கேட்டதில்லை.
என்னுடையதை அவள் “உங்கட மணி” என்பாள்.

நள்ளிரவு. நகைக்கடைத் தராசு, கண்ணாடி மூடி.
மூச்சுப் பட்டால் எண் ஆடும்.
ஒன்று புள்ளி ஆறு இரண்டு கிராம்:
அதில் நின்றால் தீப்பெட்டிக்குள், பஞ்சில்.
அரை அரிசி கூடினாலும் குறைந்தாலும்
திரும்பச் சட்டிக்கு.
நூறு வார்த்தால் நாற்பது தேறும்.
கழிந்த அறுபதின் மேல் எனக்குக் கோபமில்லை,
உருகி மறுபடி வரலாம்.

ஞாயிறு, பண்டாரவளை.
ஐம்பது மீற்றர். காற்றுத் துப்பாக்கி.
இடையில் பனி புகுந்து
தாளைத் தின்று, பிறகு கக்கும்வரை
எல்லாரும் தேத்தண்ணி குடித்தோம்.
ஒன்பது சன்னமும் ஒரே கிழிசலில்.
பத்தாவது கீழே, இடப்பக்கம், தனியாக.
அது எந்தப் பெட்டி என்று தெரியும்.
தூக்கக் கண்ணோடு “பரவாயில்லை” என்று விட்டது.
கொப்பியில் ‘பனி’ என்று எழுதினேன்.
பனி அப்போது விலகியிருந்தது.

திங்கள் பின்னேரம், மடுவம்.
இங்கே வேறு தராசு, கொக்கியில் தொங்குவது.
முள் நடுங்கி நடுங்கித்தான் நிற்கும்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒன்று, முற்றிய இலைக்கு ஒன்று.
தோட்டத்து விதி, நான் போட்டதல்ல.
பேனை மட்டும் என்னுடையது.

தங்கபுஷ்பத்தின் மூட்டையில் இருபது நின்றது.
பதினெட்டு எழுதினால் முழுப்பேர்.
அதற்குக் கீழே எதுவும் அரைப்பேர்.
“மழையே இல்லையே இன்னிக்கு” என்றாள்.
பிறகு என் விரலைப் பார்த்து,
“நகத்துல என்னா கறுப்பு, கணக்கப்புள்ள?”
ஈயம்.
“ஈயத்துக்கும் ஈரக் கழிவு உண்டுங்களா?”
உருகின ஈயத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும்
வெடித்துத் தெறிக்கும் என்று
மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினேன்.
“அப்ப அது நல்ல சாமான்” என்று
சாக்கை உதறி மடித்தாள்.

வரிசையில் பின்னால் இருபத்தொரு பெண்கள்.
பாதி மூச்சை வெளியே விட்டேன்,
மீதியை நெஞ்சில் நிறுத்தினேன்,
விசையைத் தொடுவதுபோல்
பேனையைத் தொட்டேன்.

பதினேழு.

கை கொஞ்சமும் ஆடவில்லை.